கடைவாய்ப் பல்லுக்கு எந்தக் கேப்?

உள்ளே டாக்டரம்மா சொல்லச் சொல்ல எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். வெளியே வந்து, பில் போடும் மேசைக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்கள்: "சிஸ்டர், நீங்க உண்மையைச் சொல்லுங்க. எந்தக் கேப்பு நல்ல கேப்பு?"

நான் சிஸ்டர் இல்லை. குன்னூரில் ஒரு பல் கிளினிக்கில் பதினொரு வருடமாக உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமென்ட் குழைப்பது, அளவெடுத்த அச்சைப் பொட்டலம் கட்டிக் கோயம்புத்தூர் லேபுக்கு பஸ்ஸில் அனுப்புவது, அங்கிருந்து திரும்பி வரும் சின்ன டப்பாவைத் திறந்து சரிபார்ப்பது, இதெல்லாம் என் வேலை. யாருக்கு எந்தக் கேப் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. ஆனாலும் இத்தனை வருடம் டப்பா திறந்ததில், எது எங்கே நிலைத்தது, எது உடைந்து திரும்பி வந்தது என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை உங்கள் வாயைப் பார்க்கிற டாக்டரோடு பேசி எடுங்கள்.

முதலில், பல்லின் மேல் உறைபோல மாட்டும் இந்தக் கேப் எதற்கு? வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல் செத்த பல், காய்ந்து போய் நொறுங்கிவிடும் என்று சொல்வார்கள். உண்மையில் அது பலவீனமாவதற்கு முக்கியக் காரணம், உள்ளே குடைந்திருப்பதுதான். சொத்தை தின்றது கொஞ்சம், சொத்தையைச் சுரண்டி எடுத்தது கொஞ்சம், நரம்பு இருந்த அறையைத் திறக்கக் கூரையை எடுத்தது கொஞ்சம். மிஞ்சுவது சுற்றிலும் சுவர், நடுவில் அடைப்பு. கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேல் பல்லின் மேடு கீழ்ப் பல்லின் பள்ளத்தில் வந்து இறங்கும். எங்கள் ஊரில் கற்பூர மரக்கட்டை பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நடுவில் ஓர் ஆப்பை இறக்கி அதன் தலையில் நாலு போடு போட்டால் கட்டை தானாகப் பிரிந்துகொள்ளும். குடைந்த பல்லுக்கு ஒவ்வொரு கடியும் ஆப்பின் தலையில் விழுகிற அடிதான். பிளவு வேர் வரை இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது.

கேப் செய்வது உலக்கைக்குப் பூண் செய்கிற வேலை. நுனியில் இரும்புப் பூண் இல்லாத உலக்கை நாலு நாளில் பிசிறி விரிந்துவிடும். பல்லிலும் ஈறுக்கு மேலே மிச்சமிருக்கும் நல்ல பல்லைச் சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டராவது கேப்பின் விளிம்பு வளைத்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கப் பல்லே இல்லாமல் வெறும் அடைப்பின் மேல் உட்கார வைத்த கேப், எந்த விலையில் வாங்கியதானாலும், ஒருநாள் அடைப்போடு சேர்ந்து கையில் வந்துவிடும். அப்படி வந்ததைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். ஆகவே பொருளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: "டாக்டர், சுத்திப் பிடிக்க எவ்வளவு பல் மிச்சம் இருக்கு?"

அடுத்தது இடம். கேப்பின் கனம் எவ்வளவோ அவ்வளவு பல்லைச் சீவித்தான் அதை மாட்ட முடியும். மெட்டல் கேப்புக்கு மேல்பக்கம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் போதும். முழுவதும் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்ததற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் உள்ள கேப்புக்கு 2 வரை வேண்டும். கேட்கும்போது ஒன்றுமில்லாத வித்தியாசம் போலத்தான் இருக்கும். ஆனால் ஈறுக்கு மேலே தெரிகிற கடைவாய்ப் பல்லின் தலையே சுமார் 7 மில்லிமீட்டர் உயரம்தான். தேய்ந்த பல்லில் அதுவும் இருக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இடுப்பில் சுருக்குப்பை, வாயில் எப்போதும் வெற்றிலை பாக்கு. கீழ்வரிசையில் கடைசிப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்திருந்தது. பாக்கு மென்றே பல் எல்லாம் தட்டையாகத் தேய்ந்து, அந்தப் பல் 4 மில்லிமீட்டர்தான் வெளியே நின்றது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டுக் கூட வந்திருந்தார்.

"இருக்கறதுலயே ஒசந்தது போடுங்க மேடம். ஜிர்கோனியாவே போட்டுருங்க. காசு ஒரு பிரச்சனை இல்ல."

டாக்டரம்மா உடனே பதில் சொல்லவில்லை. அனலில் காட்டி இளக்கிய மெழுகுத் துண்டு ஒன்றைப் பாட்டியின் பல்மேல் வைத்து, "கடிங்க பாட்டி" என்றார். வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மற்ற இடங்களில் மெழுகு கனமாகச் சிவந்து தெரிந்தது. அந்தப் பல் பதிந்த இடத்தில் மட்டும் வெங்காயத் தோல்போல மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது.

"பாருங்க தம்பி, இங்க இடமே இல்ல. ரொம்பச் சீவினா பிடிக்கறதுக்குப் பல்லு மிச்சமாகாது. ஜிர்கோனியாவையும் மெல்லிசா பண்ணுவாங்கதான். ஆனா இவ்வளவு மெல்லிசா போற இடத்துல பீங்கான் வகை எதையும் நான் நம்பமாட்டேன். மெட்டலை நம்புவேன்."

"மெட்டல்னா வெள்ளி மாதிரி பளிச்சுனு தெரியுமே மேடம்?"

பாட்டிதான் பதில் சொன்னார். "ஏப்பா, என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்க எவன் வரப்போறான்?"

மெட்டல் கேப்பை ஏழைகளின் கேப் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மெலிதாக இருந்தாலும் அது பீங்கான்போல விரிசல் விட்டு உடைவதில்லை. அது செய்யப்படும் விதமும் நமக்குப் பழக்கமானதுதான்: பல்லின் அச்சின்மேல் மெழுகால் உருவம் செய்து, சுற்றிலும் அச்சுக் கலவையை ஊற்றி, மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தைச் செலுத்துவார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் விக்கிரகம் வார்ப்பதும் இதே முறையில்தான். இப்போது சில லேபுகளில் கம்ப்யூட்டரில் வடிவமைத்து லேசரால் உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கியும் செய்கிறார்கள்.

மெட்டலில் கவனிக்க வேண்டியவை உண்டு. மலிவான கேப்பில் பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம் இருக்கும். கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துச் சிவந்துவிடும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பலநேரம் நிக்கல்தான் ஆகாத பொருள். அப்படி ஒரு தொல்லை உங்களுக்கு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கோபால்ட் குரோமியத்தில் நிக்கல் இல்லாததாகச் செய்யலாம், அல்லது வேறு பொருளுக்குப் போகலாம். இன்னொன்று குளிர். உலோகம் சூட்டையும் குளிரையும் சட்டென்று கடத்தும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பே இல்லை, அதனால் கவலையில்லை. நரம்பு உயிரோடு உள்ள பல்லுக்கு மெட்டல் போட்டால், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது ஆரம்ப நாட்களில் சுள்ளென்று ஏறும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் கேப் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் தடை இருக்காது, வாயைச் சுற்றிய படம் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரியலாம்.

தங்கம்? கடைவாய்ப் பல்லுக்குத் தங்கக் கலவை அருமையான பொருள். கிட்டத்தட்ட நம் பல்லைப்போலவே தேயும், எதிர்ப் பல்லையும் நோகடிக்காது. இன்றைய சவரன் விலையில் யாரும் கேட்பதில்லை. அதோடு விட்டுவிடுகிறேன்.

"செராமிக் கேப்" என்று நம் பக்கத்தில் பொதுவாகச் சொல்வது, உள்ளே மெல்லிய உலோகக் கிண்ணம், அதன்மேல் சூளையில் சுட்ட பீங்கான். 1962இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை; இன்றும் ஏராளமாகப் போடுகிறார்கள். முன்னே உள்ள பற்களில் நன்றாகவே உழைக்கும். கடைவாயில்தான் எனக்குத் தயக்கம். காரணம் சொந்த அனுபவம். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், வேறொரு ஊரில், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு அப்படி ஒன்று போட்டுக்கொண்டேன். மூன்றாவது வருடம், டீயில் நனைக்கப் பொறுமையில்லாமல் வர்க்கியை அப்படியே கடித்தேன். டொக்கென்று ஒரு சத்தம். வர்க்கித் துகள் என்று நினைத்து மென்றால் மெல்ல முடியவில்லை. துப்பிப் பார்த்தால் நகம் வடிவில் வெள்ளைச் சில்லு. கண்ணாடியில் பார்த்தபோது கேப்பின் ஓரத்தில் சாம்பல் நிற உலோகம் எட்டிப்பார்த்தது. வர்க்கியைக் குற்றம் சொல்ல மாட்டேன். உலோகத்தின்மேல் ஒட்டியிருக்கும் பீங்கான் அடுக்கு கண்ணாடியின் ஜாதி. நேராக அழுத்தினால் தாங்கும், ஓரத்தில் வளைத்தால் தெறிக்கும். என் பல்லில் போதுமான அளவு சீவாமல் பீங்கானை மெல்லிசாகச் சுட்டிருந்தார்கள் என்று பின்னால் டாக்டரம்மா பார்த்துச் சொன்னார்.

இந்த வகைக் கேப்பில் சில வருடம் கழித்து ஈறு ஓரமாகக் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். சொத்தை என்று பயந்து ஓடிவருவார்கள். ஈறு கொஞ்சம் இறங்கியதால் உள்ளே இருக்கும் உலோகத்தின் விளிம்பு தெரிகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். கடைவாயில் அது யார் கண்ணிலும் படாது. ஒருமுறை காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இனி எல்லோரும் கேட்டுக்கொண்டு வரும் ஜிர்கோனியா. பெயர் புதிதாக இருந்தாலும் இதுவும் ஒருவகைப் பீங்கான்தான். ஆனால் முரட்டுப் பீங்கான். பீங்கான் எப்படி உடையும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் எங்கேயோ தொடங்கும், பிறகு தடுக்க ஆளில்லாமல் ஓடும். ஜிர்கோனியாவில் அந்த ஓட்டத்தைத் தடுக்க உள்ளேயே ஆள் இருக்கிறது. இட்ரியா என்ற பொருளைக் கொஞ்சம் கலந்து, அதிகச் சூட்டில் மட்டும் நிலைத்திருக்க வேண்டிய படிக அமைப்பைச் சாதாரணச் சூட்டிலும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விரிசல் அருகே வந்து இழுத்தால் அங்கிருக்கும் படிகங்கள் தங்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பும்; திரும்பும்போது 3 முதல் 5 சதவீதம் பருக்கும். ஜூலை மழையில் நம் வீட்டு மரக்கதவு ஊதிப்போய்ச் சட்டத்தை இறுக்கிக்கொள்கிறதே, அதே மாதிரி அந்தப் பருமன் விரிசலின் வாயை இறுக்கி மூடுகிறது. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, இதைப் பீங்கான் எஃகு என்றே சொல்லலாமா என்று தலைப்பிலேயே கேட்டார்கள்.

எண்ணாகச் சொன்னால், வளைத்து உடைக்கும் சோதனையில் மேல்பூச்சுப் பீங்கான் சுமார் 100 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவிலேயே உடைந்துவிடும். லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகை (அதைப் பின்னால் சொல்கிறேன்) சுமார் 400 வரை தாங்கும். வழக்கமான ஜிர்கோனியா 900க்கு மேல், சிலது 1,200 வரை. எண்ணைப் பார்த்துவிட்டு அதையே போட்டுவிடுங்கள் என்று கிளம்பிவிடாதீர்கள், ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் வந்த ஜிர்கோனியா சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுப்பாக இருக்கும். பல்லின் பளபளப்பும் ஒளி ஊடுருவலும் வேண்டும் என்று இட்ரியாவின் அளவைக் கூட்டினார்கள். அழகு கூடியது, ஆனால் விரிசலைத் தடுக்கும் அந்தப் பருமன் வித்தை குறைந்துவிட்டது. அழகான ஜிர்கோனியாவின் வலு பழையதில் பாதி, முக்கால் என்றுதான் வரும். கடைசிப் பல்லுக்கு அழகு எதற்கு? "எந்த ஜிர்கோனியா டாக்டர், வலுவுக்கா அழகுக்கா?" என்று கேட்டால் உங்கள் டாக்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். கூடவே, முழுவதும் ஜிர்கோனியாவா, மேலே பீங்கான் பூசியதா என்றும் கேளுங்கள். பூசியதாக இருந்தால் என் வர்க்கிக் கதை அங்கேயும் நடக்கலாம்.

லேபுக்கு ஒருமுறை போனபோது அதைச் செய்வதைப் பார்த்தேன். ஜிர்கோனியா முதலில் சாக்பீஸ் மாதிரி மென்மையான வட்டத் தகடாக வருகிறது. இயந்திரம் அதிலிருந்து கேப்பைக் கடைந்தெடுக்கும்போது வேண்டுமென்றே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக எடுக்கிறது. பிறகு 1,500 டிகிரி செல்சியஸ் அளவுள்ள சூளையில் வைத்தால் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து கெட்டியாகிறது. சூளைக்குப் போகும் முன் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். முட்டை ஓடுபோல லேசாக, யாரோ பெரிய மனிதரின் பல்போல இருந்தது.

லித்தியம் டைசிலிகேட் என்பது இ-மேக்ஸ் என்ற பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பது. கண்ணாடி வகை; அழகுக்கு இதை அடிக்க ஆளில்லை. சிரித்தால் தெரியும் முன்கடைவாய்ப் பல்லுக்குப் பொருத்தம். எச்சில் படாமல் உலர்வாக வைத்து ரெசின் பசையால் ஒட்ட வேண்டும். கடைசிப் பல்லில், நாக்கும் கன்னமும் நெருக்கும் இடத்தில், அது லேசான காரியமில்லை.

எதிர்ப் பல்லை மறந்துவிடக் கூடாது. கல்லாறு முதல் குன்னூர் வரை நம் மலை ரயிலுக்கு நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்களே, அந்தப் பன்னிரண்டரைக்கு ஒன்று ஏற்றத்தில் என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்க வேண்டும், எது கரடுமுரடானாலும் மற்றது தேயும். வாயும் அப்படித்தான். ஜிர்கோனியா கல் மாதிரி கெட்டி, எதிர்ப் பல்லை அரைத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. நன்றாக மெருகிட்ட ஜிர்கோனியா பழைய பீங்கானைவிடக் குறைவாகவே எதிர்ப் பல்லைத் தேய்க்கிறது என்பதுதான் சோதனைகளில் கண்டது. ஆபத்து எங்கே என்றால், மாட்டும் அன்று "கொஞ்சம் உயரமா இருக்கு" என்று நீங்கள் சொல்ல, டாக்டர் அதைத் தேய்த்துவிட்டு மறுபடி மெருகு போடாமல் விட்டால்தான். தேய்த்த இடம் உப்புத்தாள் ஆகிவிடும். ரப்பர் சக்கரம் போட்டு மெருகேற்றுகிறாரா என்று கவனியுங்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

விலை இடத்துக்கு இடம் மாறும். நாங்கள் வாங்குவதைச் சொல்கிறேன்: மெட்டலை ஒரு பங்கு என்று வைத்தால், பீங்கான் பூசிய உலோகம் இரண்டு பங்கு, ஜிர்கோனியா மூன்றில் தொடங்கி ஐந்து வரை. ஜிர்கோனியாவோடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாரன்ட்டி கார்டு ஒன்று வரும். அது பெரும்பாலும் கேப் உடைந்தால் புதிது செய்து தருவதற்கான உறுதி. உள்ளே இருக்கும் பல் சொத்தையானால் கார்டு உதவாது. சொத்தை வருவதோ கேப்பில் இல்லை, கேப்பும் பல்லும் சேரும் விளிம்பில். இன்னும் ஒன்று: பின்னால் ஏதாவது தொல்லை வந்து கேப்பை அறுத்து எடுக்க நேர்ந்தால், ஜிர்கோனியாவை அறுக்க வைர முனைகள் இரண்டு மூன்றாவது தேயும். அந்த நாட்களில் குழாயைப் பிடித்தபடி நிற்கும் என் கையும் மரத்துவிடும்.

அளவெடுத்த நாளுக்கும் மாட்டும் நாளுக்கும் நடுவே தற்காலிகக் கேப் ஒன்று போடுவோம். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டால் லேபிலிருந்து டப்பா வராது. ஒரு வாரம் இரண்டு வாரமாகும். அதற்குள் தற்காலிகக் கேப் விழுந்துவிட்டால், வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பக்கத்துப் பல் மெல்லச் சாயும், எதிர்ப் பல் இறங்கும். சரியாகச் செய்து வந்த கேப்கூட உட்காராது.

பாட்டியின் கேப்பும் அப்படித்தான் நாலு நாள் தாமதமாக வந்தது. டாக்டரம்மா ஒட்டாமல் மாட்டி, நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார். "கல்லு மாட்டுன மாதிரி இருக்கு தாயி" என்றார் பாட்டி. கேப்பின் ஓர் ஓரத்தில் மட்டும் அழுத்தமான நீலப் புள்ளி. அதைத் தேய்த்து, மெருகிட்டு, மறுபடி காகிதம். மூன்றாம் முறை புள்ளிகள் எல்லாப் பற்களிலும் ஒரே மாதிரி விழுந்தன. பாட்டி குறை சொல்லவில்லை. நான் சிமென்ட் குழைத்துக் கொடுத்தேன். கெட்டியான பிறகு பல் இடுக்கில் நூல் விட்டு, மிச்ச சிமென்ட்டைச் சுத்தமாக எடுத்தோம். அது உள்ளே தங்கினால் ஈறு வீங்கும். ஒரு நாளைக்கு அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம், பிரஷை ஈறு ஓரமாகச் சாய்த்துத் தேய்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி முடித்தார்.

"பாக்கு எப்ப இருந்து போடலாம்?"

"பாக்கு வேண்டவே வேண்டாம் பாட்டி. கேப்புக்காகச் சொல்லல, வாய்ப் புற்று வரும்."

பாட்டி கூரையைப் பார்த்தார். மகன் ஒன்றும் பேசாமல் அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பில் கட்ட என் மேசைக்கு வந்தார்.